இட்லிக் கல்லில் சாக்லேட்

திண்டுக்கல் பேகம்பூர் வீடுகளில் இட்லிக்கு மாவாட்டும் வெட் கிரைண்டர்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கைவினை சாக்லேட் செய்பவர்கள் பலருக்கு முதல் கருவி. 2000-களின் தொடக்கத்தில் வீட்டிலேயே சாக்லேட் செய்ய முனைந்த அமெரிக்கர்கள், கோயம்புத்தூர் கிரைண்டரில் கொக்கோவை அரைத்துப் பார்த்தார்கள். கருங்கல் உருளைகள் கைவிடவில்லை. பின்னர் கோவைக்காரர்களே சாக்லேட்டுக்கென்று உறுதியான கிரைண்டர்களைச் செய்து, ‘மெலாஞ்சர்’ என்ற பெயரில் ஏற்றுமதி செய்தார்கள்.

மாவுக்கு அரை மணி நேரம் போதும். கொக்கோவுக்கு இரண்டு, மூன்று நாள் கல் ஓட வேண்டும். முதலில் நறநறக்கும் வறுத்த பருப்பு, உரசல் சூட்டில் கொழுப்பை விட்டு இளகும். துகள் 20 மைக்ரான் அளவுக்கு வந்ததும் நாக்குக்குக் கரகரப்பே தெரியாது. கூடவே காரமான புளிப்பு வாடையும் ஆவியாகிப் போகும்.

ஆனால் ருசிக்கு அடித்தளம் தோட்டத்தில். பழனி, உடுமலை தாண்டினால் ஆனைமலை அடிவாரத்தில் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ நிற்கிறது. காயை உடைத்தால் இனிப்பும் புளிப்புமான வெள்ளைச் சதை போர்த்திய விதைகள். அவற்றைப் பெட்டியில் கொட்டி, வாழையிலை மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, வெயிலில் உலர்த்துவார்கள். புளிப்பு சரியாக ஏறாத விதையை எந்தக் கல்லும் காப்பாற்றாது. பொள்ளாச்சியின் ‘சோக்லெட்’, ஆரோவில்லின் ‘மேசன் அண்ட் கோ’ இரண்டும் இந்தத் தென்னிந்திய விதையை நம்பி எழுந்தவை.

கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். திண்டுக்கல் சித்திரை வெயிலில் அது தாங்காது. வாங்குவதென்றால் மார்கழி, தையில் வாங்குங்கள். கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரையவிடுங்கள்.