கண்ணாடிக்குக் கிடைத்த இடம்: கௌடா தேவாலயச் சாளரங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒல்லாந்து தேசத்தின் கௌடா நகரைப் பாற்கட்டியின் பெயரால் அறிந்தவரே பலர். அந்நகரின் நடுவே நிற்கும் புனித யோவான் தேவாலயம் ஏறத்தாழ 123 மீற்றர் நீளமானது. அந்நாட்டுத் தேவாலயங்களுள் மிக நீண்டது. எனினும், அதனுட் செல்வோரை ஆட்கொள்வது நீளமன்று. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களினூடே இறங்கும் ஒளியேயாகும்.

மத்திய காலத்தில் எழுந்த இவ்வாலயம் 1552இல் மின்னலால் எரிந்தது. மீளக் கட்டப்பட்டபோது, 1555 முதல் 1571 வரை, டேர்க் கிராபெத், வூட்டர் கிராபெத் ஆகிய சகோதரர் அதன் சாளரங்களுட் பலவற்றைத் தீட்டினர். ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப் வழங்கிய சாளரத்தில் இயேசுவின் இறுதி இராவுணவுக் காட்சியருகே மன்னனும் அரசி மேரி ரியூடரும் முழந்தாளிட்டுள்ளனர். ஒறேஞ்சு இளவரசர் வில்லியம் வழங்கிய சாளரமோ, இயேசு ஆலயத்திலிருந்து வணிகரை விரட்டுவதைக் காட்டுகிறது. பின்னாளிற் கொடும் பகைவராகிய இருவரின் கொடைகளும் இன்றும் ஒரே கூரையின் கீழ் உள்ளன.

1573இல் ஆலயம் புரட்டஸ்தாந்தர் வசமாயிற்று. பலிபீடங்கள் அகற்றப்பட்டன, சாளரங்கள் தப்பின. 1594 முதல் 1603 வரை எஞ்சிய இடங்களையும் புதிய ஆட்சியினர் சாளரங்களால் நிரப்பினர். அவற்றிற் பொருள் மாறுகிறது. முன்னையவற்றில் மேலே வேதாகமக் காட்சியும் கீழே பணிந்த கொடையாளியும் அமைய, நோக்குவோரின் கண் மேனோக்கிச் செல்லும். பின்னையவற்றில் நகரங்களும் அவற்றின் இலச்சினைகளும் முன்னிற்கின்றன. டெல்ப்ற் நகரம் 1603இல் வழங்கிய சாளரம், 1574இல் லெயிடன் நகர் முற்றுகையினின்று மீண்ட கதையைக் கூறுகிறது. முழந்தாளிட்ட மன்னனின் இடத்தில் நிமிர்ந்து நிற்கும் நகரத்தைக் காண்கிறோம்.

இச்சாளரங்களின் தொடர்ச்சியைச் சமயப் பொறைக்குச் சான்றாகப் போற்றுவது வழக்கம். அம்மதிப்பீடு முழுமையானதன்று. ஒல்லாந்து மாகாண மன்றம் வழங்கிய சாளரத்தில், மனச்சாட்சிச் சுதந்திரம் பெண்ணுருவில் தேரேறி வருகிறாள். கொடுங்கோன்மை தேரின்கீழ் நசுங்குகிறது. உருவகம் என்ற வகையில் அது கம்பீரமானது. ஆயின் அது தீட்டப்பட்ட காலத்தில் அம்மாகாணத்திற் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட அனுமதிக்கப்படவில்லை. அவர்தம் முன்னோர் செய்வித்த கண்ணாடிக்குக் கிடைத்த இடம் அவர்தம் பூசைக்குக் கிடைக்கவில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பெனி அங்கும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தமை இம்முரண்பாட்டின் நீட்சியே.

இதனாற் சாளரத்தின் கலைமதிப்புக் குன்றிவிடுமா? குன்றாது, கலைஞன் தீட்டிய இலட்சியம், அதனை விலைகொடுத்துப் பெற்றோரின் நடத்தையினும் பெரிதாயிருத்தல் கூடும். தன் காலத்து அதிகாரத்தைப் புகழவெழுந்த படைப்பே, அவ்வதிகாரத்தை அளக்கும் கோலாகவும் பின்னர் அமைந்துவிடுகிறது. ஆதலின், அழகை மட்டும் கண்டு மீள்வோரும் முரணை மட்டும் கண்டு ஒதுக்குவோரும் அச்சாளரத்தின் பாதியையே கண்டவராவர். இரண்டாம் உலகப் போரின்போது கழற்றிப் பாதுகாக்கப்பட்ட சாளரங்கள் போரின் பின் மீண்டும் பொருத்தப்பட்டன. 1947இல் விடுதலையைக் குறிக்கும் புதிய சாளரமொன்றும் சேர்ந்தது. அதனையும் அதே கோலால் அளப்பதே விமர்சனத்தின் கடன்.