வெட்டிய கோடு, விட்ட கோடு

ஆன்ஜி லூவின் பெயரைச் சொன்னால் நம் ஓவிய ரசிகர்கள் இரண்டு விதமாக நழுவுவார்கள். "அச்சுதானே, ஓவியம் இல்லையே" என்பார் ஒருவர். "பூவும் புல்லும்தானே, இதில் என்ன இருக்கிறது" என்பார் இன்னொருவர். இரண்டையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சிக்கலான நவீன ஓவியத்துக்கு முன்னால் அரைமணி நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நிற்கிறவர்கள், ஒரு காய்ந்த விதைத்தலைக்கு அரை நிமிடம் தர மறுக்கிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அடிப்படையைச் சட்டென்று முடிப்போம். 1963-ல் இங்கிலாந்தின் செஷயரில் பிறந்தவர். லண்டனில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸிலும் பிறகு கேம்பர்வெல்லிலும் அச்சுக்கலை படித்தார். பத்திரிகை, புத்தகங்களுக்குப் படம் வரைந்தார். நடுவில் தோட்டக்கலையும் படித்தார். நார்ஃபோக்குக்குக் குடிபோன பிறகுதான் மறுபடி அச்சுக்குள் முழுதாக இறங்கினார். 2005-ல் கணவர் சைமனோடு சேர்ந்து 'செயின்ட் ஜூட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கோடுகள் திரைச்சீலையிலும் சுவர்க்காகிதத்திலும் ஏறியது அந்த வழியில்தான். பிறகு ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பக்கமும் அவருடைய களமானது. மரச்செதுக்கு, லினோகட், கல்லச்சு, ஸ்க்ரீன் பிரின்ட், நீர்வண்ணம் எல்லாம் செய்கிறவர். இவற்றின் செய்முறை வேண்டுமென்றால் எந்த அச்சுக்கலைப் புத்தகத்திலும் கிடைக்கும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. வேறொன்று சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்பில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மையில் தொட்டு, நோட்டில் குத்தினோமே, நினைவிருக்கிறதா? சதை நின்ற இடத்தில் மை விழுந்தது. குழி இருந்த இடம் வெள்ளையாக நின்றது. மரச்செதுக்கும் லினோகட்டும் அந்த வெண்டைக்காயின் பிள்ளைகள். மேடாக நிற்பது அச்சாகும். வெட்டி எடுத்தது காகிதமாகவே இருக்கும். அவ்வளவுதான்.

இப்போது ஒரு தண்டு வரைய வேண்டும். கட்டையில் உளியை வைத்து ஒரே இழுப்பு இழுத்தால் கறுப்புக்கு நடுவே வெள்ளைத் தண்டு வந்துவிடும். இது வெட்டிய கோடு. அதே தண்டு வெள்ளை வானத்தின் முன் கறுப்பாக நிற்க வேண்டுமென்றால்? தண்டின் மேல் உளியே படக்கூடாது. அதன் இரண்டு பக்கமும் இருக்கிற வானத்தை எல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். கடைசியில் மயிரிழைபோல ஒரு வரப்பு மிச்சம் நிற்கும். இது விட்ட கோடு. முதலாவதில் கை எழுதுகிறது, இரண்டாவதில் கை காவல் காக்கிறது. உளி கொஞ்சம் சறுக்கினாலும் தண்டு போச்சு. ஒட்டவைக்க வழி கிடையாது.

அச்சோவியத்தை ரசிப்பதில் எண்பது சதவீதம் இந்த ஒரு வித்தியாசம்தான் என்பது என் கட்சி. மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். 1753-ல் பிறந்த மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூயிக் இங்கிலாந்தின் வடகோடியில் உட்கார்ந்துகொண்டு பெரிதாகச் செய்தது என்ன? பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில், கறுப்பிலிருந்து வெளிச்சத்தைக் கீறி எடுத்தார். வெள்ளைக் கோட்டை வேலைக்காரனாக வைத்திருந்த தொழிலில் அதை எஜமானாக்கினார். அந்த மரம் மெல்லியது என்பதால்தான் மரச்செதுக்குப் படங்கள் உள்ளங்கை அளவில் நிற்கின்றன. லினோலியம் வேறு சாதி. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் கலந்து சணல் துணியில் பூசிய தரைவிரிப்பு அது. நார் ஓட்டம் இல்லாததால் உளி எந்தப் பக்கமும் வளையும். அகலமாக, தாராளமாக வெட்டலாம். லூவினின் லினோகட்டில் தெரியும் துணிச்சலுக்கும் மரச்செதுக்கில் தெரியும் கிசுகிசுப்புக்கும் பாதிக் காரணம் இந்தப் பொருள்கள்தான்.

அவர் படத்துக்கு முன்னால் நின்றதும் என்ன செடி என்று கேட்காதீர்கள். ஏதாவது ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே போங்கள். இருட்டான குன்றைக் கடக்கும்போது அது வெள்ளையா? வானத்துக்குள் நுழைந்ததும் கறுப்பாகிவிட்டதா? மாறுகிற அந்த இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். அதுவரை வெட்டிக்கொண்டு வந்த கை அங்கே விட ஆரம்பித்திருக்கிறது. அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் ராகம் பிடிபடுகிற சந்தோஷத்துக்குக் குறைந்ததில்லை.

சரி, செடியையும் சொல்லிவிடுகிறேன். பூத்துக் குலுங்குகிற ரோஜா அவருக்கு வேண்டாம். முடிந்துபோன செடிதான் வேண்டும். குடைபோல விரியும் பூங்கொத்துச் செடிகளை அடிக்கடி பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம், அவை நம் கொத்தமல்லி, சீரகம், சோம்பின் பங்காளிகள். தொட்டியில் கொத்தமல்லியைப் பறிக்காமல் விட்டுக் காய்க்கவிட்டவர்களுக்கு அந்த உருவம் அத்துப்படி. அப்புறம் டீஸல். பெட்ரோல் பங்க் டீசல் இல்லை. முள்முள்ளாக நிற்கும் ஒரு விதைத்தலை. கம்பளித் துணியின் மேல் ரோமத்தைச் சீவி எழுப்ப நெசவாளர்கள் ஒரு காலத்தில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். துணிக்கு உழைத்த செடி துணியின் மேலேயே வந்து உட்கார்கிறது! நார்ஃபோக்கின் உப்புச் சதுப்பு, ஸ்காட்லாந்து மலைச்சரிவு என்று குறிப்பேட்டோடு அலைந்து வரைவார். பிறகு தரையோடு தரையாகக் கண்ணை வைத்துப் பார்த்த மாதிரி, முழங்கால் உயரச் செடியை மரம்போல முன்னால் நிறுத்திவிடுவார். மலை அதன் காலடியில் கிடக்கும்.

"எரிக் ரவிலியஸின் நிழல்" என்று சில விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ரவிலியஸ் தன் முன்னோடி என்பதை லூவின் ஒளித்ததே இல்லையே. 1942-ல், 39 வயதில், ஐஸ்லாந்து அருகே விமானத்தோடு காணாமல்போன அந்தக் கலைஞர் வெட்ஜ்வுட் பீங்கான் கம்பெனிக்கு வடிவமைத்த கோப்பைகளைத் தன் படத்திலேயே பூச்சாடியாக வைத்து வரைகிறவர் அவர். வணக்கம் சொல்வதையும் காப்பியடிப்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் விமர்சனம் எழுதாமல் இருக்கலாம்.

உண்மையிலேயே மேலோட்டமானது எது தெரியுமா? ஓட்டல் வரவேற்பறையிலும் புது அபார்ட்மென்ட் சுவரிலும் தொங்குகிறதே, ஓட்டை ஓட்டையாக மான்ஸ்டெரா இலை, 'பொட்டானிக்கல்' என்ற பெயரில். அந்த இலையில் வெட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. கணினியில் ஓரம் பிடித்து நிறம் கொட்டியிருக்கிறார்கள். எங்கேயும் யாரும் எதையும் இழக்கத் துணியவில்லை.

துணிக்கு வருகிறேன். அச்சுப்படத்தில் வானம், தொடுவானம், ஓரம் எல்லாம் உண்டு. துணியில் ஓரமே கிடையாது. ஒரே கட்டம் மேலும் கீழும் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். தொழிலில் இருப்பவர்கள் இதை ரிப்பீட் என்பார்கள். 'ஹெட்ஜ்ரோ' என்று அவருடைய துணி ஒன்று, வேலியோரச் செடிகள். அதைப் பார்க்கும்போது செடியை விட்டுவிட்டுச் சந்துகளைப் பாருங்கள். செடிக்கும் செடிக்கும் நடுவே விட்ட இடம் எங்காவது ஒரே நேராகச் சேர்ந்துவிட்டால், திரைச்சீலையைத் தள்ளி நின்று பார்க்கும்போது தலையில் வகிடு எடுத்த மாதிரி ஒரு வாய்க்கால் ஓடும். அது ஓடாமலிருக்க ஒரு விதைத்தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும், ஒரு இலையை அடுத்த கட்டத்துக்குள் நீட்ட வேண்டும். கட்டையில் தண்டைக் காப்பாற்றிய அதே கை இங்கே காலி இடத்தைக் காக்கிறது. "மெத்தை உறைக்கெல்லாம் கலையா" என்று கேட்பவர்கள் ஒரு தலையணை உறை அளவுக்கு ரிப்பீட் போட்டுக் காட்டட்டும்.

இனிமேல் சொல்வது நமக்குள் இருக்கட்டும். என்னிடம் அவருடைய அச்சுப்படம் ஒன்றுகூடக் கிடையாது. விலை அப்படி. ஒரு வாழ்த்து அட்டையும் ஒரு மீட்டர் துணியும்தான் சொத்து. துணியை வாங்கியது இரண்டு குஷன் உறை தைக்க. தங்கை தையல் தெரிந்தவள், வரும்போதெல்லாம் "கத்திரி வைக்கட்டுமா அண்ணா?" என்று கேட்பாள். டேப் வைத்து நாலு தரம் அளந்து பார்த்துவிட்டேன். பதினாறு அங்குலத்தில் எங்கே வெட்டினாலும் ஏதாவது ஒரு செடிக்குக் கழுத்து போகிறது. "பதினெட்டுல தைக்கறேன்" என்றாள் போன தீபாவளிக்கு. பதினெட்டிலும் போகிறது.