நினைவெழுத்தில் விடுபட்ட கைகள்: நமது தொலைக்காட்சி நினைவுக் கட்டுரைகள் பற்றிச் சில அவதானங்கள்

அண்மைக்காலமாக நமது சஞ்சிகைகளிலும் பாராட்டு விழா மலர்களிலும் ஒலி, ஒளிபரப்புத் துறையில் இருந்தவர்களின் நினைவுக் கட்டுரைகள் அடிக்கடி வெளிவருகின்றன. நல்ல விடயம்தான். நமது சமூகத்தின் ஊடகப் பங்களிப்பை நாம் எழுதிவைக்காவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. ஆனாலும் இவற்றை விடாமல் வாசித்து வருபவன் என்ற வகையிலும், தொலைக்காட்சியின் தொடக்க நாட்களில் ஒரு நிலையத்தில் தற்காலிக உதவியாளனாகச் சில வருடம் நின்றவன் என்ற வகையிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை ஒளிக்காமல் சொல்லிவிட நினைக்கிறேன்.

இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் குரல் தேர்வுக்குப் போன கதை வரும். அடுத்து அமைச்சர் ஒருவர் கைகுலுக்கிப் பாராட்டியது. பிறகு கூட வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியல், "பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்க" என்ற ஒரு வரியோடு. கடைசியில் அந்தக் காலம் பொற்காலம் என்று முடியும். வாசித்து முடித்த பிறகு, ஒரு நிகழ்ச்சி எப்படித் தயாரானது, யார் எதைச் செய்தார், எது பிழைத்தது, அந்தப் பதிவு இப்போது எங்கே என்று கேட்டால் கட்டுரைக்குள் பதில் இருக்காது.

இதற்கு முக்கியக் காரணம், தொலைக்காட்சியையும் நாம் வானொலி மாதிரியே நினைவில் வைத்திருப்பதுதான் என்பது என் அபிப்பிராயம். வானொலி நமது வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. முஸ்லிம் நிகழ்ச்சிகளும், நோன்பு கால ஸஹர் ஒலிபரப்பும், பெரிய பள்ளிவாசலில் பிறை தீர்மானிக்கும் இரவில் வானொலிப் பெட்டியைச் சுற்றி வீடே உட்கார்ந்திருந்ததும் நமது தலைமுறைக்கு மறக்கக்கூடியவை அல்ல. பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களைக் கடல் கடந்தும் குரலை வைத்தே அடையாளம் கண்டார்கள். ஆகவே வானொலி நினைவு குரல்களின் நினைவாக இருப்பதில் நியாயம் உண்டு. ஒரு மைக்கும் ஒரு மனிசனும் இருந்தால் அங்கே நிகழ்ச்சி நடந்துவிடும்.

தொலைக்காட்சி அப்படியல்ல. இங்கே அது 1979 ஏப்ரல் 13 இல் தனியார் முயற்சியாகவே தொடங்கியது. இரண்டு மாதம் முடியுமுன், ஜூன் 5 இல், அந்தச் சுயாதீன தொலைக்காட்சி சேவையை அரசு பொறுப்பேற்றது. பின்னர் ஜப்பானிய உதவியோடு 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. நாட்டின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் அதன் கோபுரம் நின்றது. இந்தத் திகதிகளை நமது கட்டுரைகளும் சொல்கின்றன. ஆனால் திரையில் ஒரு முகம் மூன்று நிமிடம் தெரிவதற்குக் கலையகத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைச் சொல்வதில்லை.

ஒரு சின்ன உதாரணம். மார்க்க உரைக்கு வரும் மௌலவிமார் வெள்ளை ஜுப்பாவும் வெள்ளைத் தொப்பியுமாக வருவார்கள். அன்றைய கமராக்கள் பளீரென்ற வெள்ளையைத் தாங்காது. விளக்கு வெளிச்சம் பட்டதும் ஜுப்பா தீப்பிடித்தது போல் பொங்கும், முகம் கறுத்துப் போகும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து சிங்களத்தில் சத்தம் வரும். அதைத் தமிழாக்கி, மரியாதையும் கெடாமல், "ஹஸரத், கொஞ்சம் மங்கின நிறத்தில் ஏதும் இரிக்கா?" என்று கேட்பது என் வேலை. படம் பிடிப்பதே கூடுமா கூடாதா என்ற சர்ச்சை ஊரெல்லாம் நடந்த காலம். உடுப்பை மாற்றச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஒருவர் எழும்பியே போய்விட்டார். மார்க்கமும் கருவியும் மொழியும் ஒரே அறையில் முட்டிக்கொண்ட இடம் அது. சமூக வரலாறு எழுத வேண்டியவர்கள் தேட வேண்டியது இத்தகைய இடங்களைத்தான். நமது கட்டுரைகளில் வருவதோ, "மௌலவி அவர்கள் சிறப்பாக உரையாற்றினார்கள்" என்ற ஒரு வரி.

இன்னொன்று. திரையில் தமிழ் எழுத்தைக் கொண்டுவரும் கருவி அப்போது எங்களிடம் இருக்கவில்லை. கறுப்பு அட்டையில் வெள்ளை மையால் எழுதி, அதை ஒரு கமராவுக்கு முன்னால் வைத்துப் படத்தின் மேல் ஏற்றுவோம். அந்த அட்டைகளை எழுதியவர் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு தமிழ்ப் பிள்ளை. "நோன்புப் பெருநாள் வாழ்த்துக்கள்" என்று நீங்கள் திரையில் கண்டது அவருடைய கையெழுத்து. 1983 ஜூலைக்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. எங்கே போனார் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவும் இல்லை. நமது நிகழ்ச்சிகளின் வரலாற்றில் அவருக்கு ஓரிடம் வேண்டுமா, இல்லையா? நமது பங்களிப்பு என்று நம்மவர் பெயர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இப்படிப்பட்டவர்கள் யாருடைய கணக்கிலும் வரமாட்டார்கள்.

நினைவுக் கட்டுரையில் பிழையை ஒப்புக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் இல்லை. மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பக்கூடாது. என்னுடையதைச் சொல்கிறேன். நிலையத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் குற்றம் அதன் தலையில் போய் நிற்கும். நான் சொல்ல வருவது என் கையைப் பற்றி.

1983 தொடக்கத்தில் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டிக்கு வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போனோம். அந்த நாளில் கமரா வேறு, பதிவுக் கருவி வேறு. இரண்டையும் ஒரு கேபிள் இணைக்கும். கமராக்காரர் நடந்தால் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் பின்னால் நடக்க வேண்டும். கருவிக்குள் போவது யூ-மெட்டிக் கெசட், ஒன்று இருபது நிமிடம். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களை ஒரு வயதான மனிசர் பாடினார். பல் இல்லை, ஆனால் குரல் இருந்தது. பாட்டோடு ஊரின் கரை, வாடி, பள்ளிவாசல் முற்றம், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் பதிவாயின. கமராக்காரர் சிங்களவர், பாட்டின் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. இருந்தும் திரும்பி வரும் வழியில், "மல்லி, இதைப் பத்திரமா வை" என்றார். கெசட்டின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. அதையும் அவர்தான் காட்டித் தந்தார்.

நான் கழற்றவில்லை. நிகழ்ச்சியில் போனது மூன்று நிமிடம். சில மாதம் கழித்து ஒரு பரிசளிப்பு விழாவைப் பதிவு செய்யப் புதுக் கெசட் இல்லை, பாவித்தது எதையாவது கொண்டுவரச் சொன்னார்கள். கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தேன். எந்தக் கெசட் என்பது எனக்குத் தெரியும். வேறொன்றைத் தேடியிருக்கலாம். தேடவில்லை.

நாடா விலை கூடிய பொருள் என்பதால் பழையதன்மேல் புதியதைப் பதிவது அன்று உலகமெங்கும் இருந்த வழக்கம். பிபிசி கூடத் தன் 1960களின் எத்தனையோ நிகழ்ச்சிகளை இப்படி இழந்திருக்கிறது. இதை நான் எனக்கே பலமுறை சமாதானமாகச் சொல்லியிருக்கிறேன்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் ஒருநாள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்கள் நிறைந்த ஒரு முகாமுக்கு வேறு அலுவலாகப் போனேன். அந்தப் பாட்டுக்காரரின் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "தம்பி, அண்டைக்கு வந்து எடுத்தீங்களே, அந்தப் படம் இரிக்கா? வாப்பா மவுத்தாகிட்டார். வரக்குள்ள ஒண்டும் எடுக்கேல்ல. அவர்ட மொகம் பாக்க ஒரு போட்டோவும் எங்கள்ட்ட இல்ல" என்றார். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அது பொய். தேட ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

இதனால்தான் நமது நினைவெழுத்தில் இவ்வளவு கண்டிப்பை எதிர்பார்க்கிறேன். பதிவுகள் அழிந்துவிட்ட இடத்தில் கட்டுரைதான் மிஞ்சும் ஒரே சாட்சி. அந்தச் சாட்சி பாராட்டுரையாகப் போனால் ஆய்வாளருக்கு அதனால் பயனில்லை. எருக்கலம்பிட்டியில் மக்கள் பின்னர் மீளக் குடியேறினார்கள். ஆனால் 1983 இன் அந்தக் கரையைத் திரும்பப் பார்க்க இனி வழியில்லை.

ஆகவே, அந்த நாட்களில் இத்துறையில் இருந்து இன்னும் ஹயாத்தோடு இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையை எழுதும்போது அமைச்சரின் பாராட்டை இரண்டு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கு எந்த வருடம் போனீர்கள், யாரைப் படம்பிடித்தீர்கள், கமராவை யார் பிடித்தார், அட்டையை யார் எழுதினார், பிரதியில் எதை வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்பவற்றை எழுதுங்கள். உங்கள் கையால் ஏதும் அழிந்திருந்தால் அதையும் எழுதுங்கள். திரையில் வந்ததை அந்தக் காலத்தில் வீட்டு வீடியோக் கெசட்டில் பதிந்துவைத்த குடும்பங்கள் உண்டு. அலுமாரிக்கு மேலே பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் அவற்றை எறியமுன் யாரிடமாவது காட்டுங்கள். நான் கொடுத்துவிட்ட கெசட்டின் அந்த மூன்று நிமிடமாவது அவற்றில் ஒன்றில் இருக்கக்கூடும். இருந்தால் அந்த மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.