தசைநாண் போர்த்திய வில்: புகழும் கணக்கும்

கையால் மரவில் செய்கிறவர்கள் நடுவே தசைநாணுக்கு இருக்கும் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. மான், மாடு, காட்டெருமை இவற்றின் காலிலும் முதுகிலும் ஓடும் தசைநாணை உலர்த்தி, நார்நாராகப் பிரித்து, வஜ்ஜிரப் பசையில் தோய்த்து வில்லின் முதுகில் ஒட்டினால் மூன்று நன்மைகள் கிடைக்கும் என்பார்கள். வில் முறியாது, குட்டையாகச் செய்யலாம், அம்பு வேகமாகப் போகும். முதல் இரண்டில் எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவதைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், மாதக்கணக்கில் காத்திருந்து இந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் அந்த மூன்றாவதை நம்பித்தான் இறங்குகிறார்கள்.

எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் வயிறு. இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. நாணை இழுக்கும்போது வயிறு நெருங்குகிறது, முதுகு நீள்கிறது. மரம் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் நீண்டு கொடுக்கும். அதைத் தாண்டினால் முதுகில் ஒரு சிலாம்பு எழும்பும். கவனிக்காமல் மறுபடி இழுத்தால் வில் இரண்டு துண்டு. தசைநாண் எட்டு சதவீதம்வரை நீளும். அதோடு, ஈரத்தில் ஒட்டிய நார் உலரும்போது சுருங்குகிறது. அடியிலிருக்கும் மரத்தை முன்கூட்டியே நெருக்கி வைக்கிறது. நாணை இழுக்கும்போது மரத்தின் முதுகு முதலில் அந்த நெருக்கத்திலிருந்து மீள வேண்டும், பிறகுதான் நீளத் தொடங்கும். காப்பு என்ற வகையில் இது அருமையான ஏற்பாடு.

இந்தக் காப்பு எங்கே உண்மையாகவே தேவைப்பட்டது என்பதற்கு இஷியின் வில்லைவிட நல்ல சான்று கிடையாது. யாஹி மக்களில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர். 1911 ஆகஸ்டில் வடக்குக் கலிபோர்னியாவின் ஓரோவில் நகருக்கு அருகே பசியோடு வெளியே வந்தார். 1916-ல் காசநோயில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டு, 1918-ல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இஷியின் நல்ல வில் மலை ஜூனிப்பர் மரத்தில் செய்தது. நீளம் சுமார் 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி. மான் தசைநாணை வாயில் போட்டு மென்று பதமாக்கி, சால்மன் மீன் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டினார். அவ்வளவு குட்டையான மரத்தை ஒரு முழு அம்பின் நீளத்துக்கு இழுத்தால் வளைவு மிகவும் நெருக்கமாகிறது, முதுகின் நீட்சி ஏறுகிறது. ஜூனிப்பரோ நெருக்குதலைத் தாங்கும். இழுவிசையில் சட்டென்று விட்டுவிடும். தசைநாண் இல்லாமல் அந்த வில் கிடையாது.

இதே கண்டத்தின் கிழக்குக் கரைக்குப் போனால் கதை வேறு. 1660-ல் மாசசூசெட்ஸின் சட்பரியில் கிடைத்ததாகச் சொல்லப்படும் வில் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹிக்கரி மரம், ஏறத்தாழ ஐந்தரை அடி, முதுகில் எந்த ஒட்டும் இல்லை. அந்தக் காடுகளிலும் மான் இருந்தது, தசைநாண் இருந்தது, பசை காய்ச்சத் தெரிந்த மக்களும் இருந்தார்கள். ஹிக்கரி இழுவிசையில் வலுவான மரம்; வில்லும் நீளம்; காற்றிலோ ஈரம் அதிகம். ஒட்டுவதற்குக் காரணமே இல்லை. இஷியின் வில்லை மட்டும் பார்த்துவிட்டு ‘தசைநாண் ஒட்டியதுதான் உயர்ந்த வில்’ என்று முடிவுகட்டுகிறவர்கள் சட்பரி வில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி வேகத்துக்கு வருவோம். இந்தக் கட்சிக்காரர்கள் நீட்டும் பெரிய சான்று, ஜே.இ.கார்டன் 1978-ல் எழுதிய கட்டுமானங்கள் பற்றிய புகழ்பெற்ற நூலில் உள்ள அட்டவணை. ஒரு கிலோ யூ மரம் ஏறத்தாழ 900 ஜூல் ஆற்றலைத் தேக்கும். ஒரு கிலோ தசைநாண் 2500 ஜூல் தேக்கும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! இதைப் பார்த்தவர் மரத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு நாரை அப்பத் தொடங்குவதில் வியப்பில்லை.

ஆனால் அதே அட்டவணையில் இன்னொரு பத்தியும் இருக்கிறது. யூ அந்த 900-ஐத் தேக்குவது 0.9 சதவீத நீட்சியில். தசைநாண் 2500-ஐத் தேக்குவது 8 சதவீத நீட்சியில். மரத்தோடு ஒட்டிக்கிடக்கும் நார் மரம் நீளும் அளவைவிட அதிகம் எப்படி நீளும்? தேங்கும் ஆற்றல் நீட்சியின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதவீத நீட்சியில் தசைநாணிடம் கிடைப்பது 2500-ல் அறுபத்துநான்கில் ஒரு பங்கு. சுமார் 40 ஜூல். சுருக்கத்தால் அது ஏற்கெனவே ஒரு சதவீதம் இழுபட்டு நிற்கிறது, எய்யும்போது இன்னொரு சதவீதம் சேர்கிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும், அம்புக்குப் போகும் பங்கு 120 ஜூலை எட்டாது. உண்மையில் தசைநாண் இப்படி நேர்கோட்டில் நடந்துகொள்வதில்லை என்பதால் இந்த எண்களைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட இவை போதும்.

எடையும் இதில் சேர்கிறது. யூ கன மீட்டருக்கு 600 கிலோ, தசைநாண் 1100 கிலோ. நீள வில்லின் கைகளில், குறிப்பாக நுனிப் பக்கம், இந்தக் கூடுதல் எடை அம்போடு சேர்ந்து ஓட வேண்டிய சுமை. நாணை விட்டதும் தேங்கிய ஆற்றலில் ஒரு பகுதி அந்த நுனிகளை நகர்த்தவே செலவாகிவிடும்.

அப்படியானால் துருக்கிய வில்? அதன் புகழ் பொய்யில்லை. ஆனால் அதில் நடுவில் மெல்லிய மேப்பிள் மரம், வயிற்றில் எருமைக் கொம்பு, முதுகில் தசைநாண். கொம்பு நான்கு சதவீதம்வரை நெருங்கிக் கொடுப்பதால்தான் முதுகிலிருக்கும் தசைநாணுக்கு நீள்வதற்கு இடம் கிடைக்கிறது. கொம்பை எடுத்துவிட்டு மரத்தை வயிறாக வைத்தால் அந்தக் கூட்டாளி போய்விடுகிறான். மரவில் செய்துவிட்டு அதற்குத் துருக்கிய வில்லின் பெருமையைச் சொந்தம் கொண்டாடுவது கணக்குக்கு ஒவ்வாது.

பின் ஏன், ‘ஒட்டிய பிறகு என் வில் வேகமாக எய்கிறது’ என்று இத்தனை பேர் சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு அடுக்கு ஏற்றியதும் கைகள் தடிக்கின்றன, வில்லை இழுக்க வேண்டிய இழுப்பு விசை ஏறுகிறது. 40 பவுண்டு வில் 50 பவுண்டு ஆனால் அம்பு வேகமாகத்தான் போகும். அந்தப் பத்து பவுண்டுக்கு ஏற்ற மரத்தைச் செதுக்காமல் விட்டிருந்தாலும் போயிருக்கும். இன்னொன்று, நார் சுருங்கும்போது வில் இலக்கின் பக்கமாக எதிர்வளைவு கொள்கிறது. அது உண்மையான லாபம்; இழுப்பின் தொடக்கத்திலேயே விசை கூடுவதால் தேங்கும் ஆற்றல் அதிகம். ஆனால் அந்த வளைவைத் தணலில் வாட்டிப் பெறலாம், மூங்கில் பட்டையை அச்சில் வளைத்து ஒட்டியும் பெறலாம். மேலும், எதிர்வளைவு வயிற்றுக்குக் கூடுதல் நெருக்குதல் தருகிறது. வயிறு பலவீனமான மரமானால் அங்கே குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் விழும். முதுகில் எத்தனை அடுக்கு ஏற்றினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வேலையின் நுட்பத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. உலர்ந்த தசைநாண் கண்ணாடி மாதிரி மஞ்சளாக, கொம்பு மாதிரி விறைப்பாக இருக்கும். மழமழப்பான கல்லால் மரக்கட்டைமேல் வைத்துத் தட்டத் தட்ட வெளுத்து, உறை கழன்று, நார் பிரியும். கொழுப்பு ஒரு சொட்டு இருந்தாலும் வஜ்ஜிரம் பிடிக்காது. அதனால் சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். முதுகை ரம்பப் பல்லால் நீளவாக்கில் கீறி, நீர்த்த வஜ்ஜிரம் இரண்டு மூன்று முறை குடிக்கவிட வேண்டும். வஜ்ஜிரத்தின் சூடு 60, 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒட்டும் வலு போய்விடும். ஒவ்வொரு கற்றையையும் தோய்த்து, விரலால் வழித்து, சீப்பால் வாரிப் படிய வைக்க வேண்டும். ஒரு கற்றை முடியும் இடமும் பக்கத்துக் கற்றை முடியும் இடமும் ஒரே வரிசையில் வந்துவிடக் கூடாது; வந்தால் வில் திறப்பது அங்கேதான். பொறுமை இல்லாதவர் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் அல்ல, உலரவிடும் கட்டத்தில். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். உள்ளே ஈரம் நிற்கும். வாரம் ஒருமுறை வில்லை எடைபோட்டு, எடை இறங்குவது நின்ற பிறகே இழுக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும்.

இவ்வளவும் செய்து முடித்த வில்லுக்கு மழை ஆகாது. வஜ்ஜிரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நார் தளரும், எதிர்வளைவும் இழுப்பு விசையும் குறையும். இஷி தம் வில்லை மலைச்சிங்கத்தின் வால்தோலில் உறை போட்டு வைத்திருந்தார். கொம்பும் தசைநாணும் சேர்ந்த விற்களை வைத்திருந்த முகலாய கால இந்தியாவில் எஃகு விற்களும் செய்யப்பட்டன. எய்வதில் அவை மட்டம், ஆனால் ஆயுதக் கிடங்கின் ஈரத்தில் கெடாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடற்காற்றில் இதைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். நடு இந்தியாவின் பழங்குடி மக்கள் பலரும் எய்வது மூங்கில் வில். மூங்கிலின் புறத்தோலே இழுவிசையில் அபார வலு. அதற்கு விலங்கின் துணை வேண்டாம்.

என் தீர்ப்பு இது. நான்கு அடிக்குக் குறைவான வில்லை நீளமாக இழுக்க வேண்டும், மரமோ இழுவிசையில் பலவீனம், ஊரோ வறண்டது என்ற மூன்றும் கூடினால் தசைநாணுக்கு ஈடில்லை. ஐந்தரை அடி வில்லுக்கு அது வேண்டாத சுமை. முதுகின் வளர்ச்சி வளையம் வெட்டுப்பட்டுச் சிலாம்பு எழும்பும் பயம் மட்டும்தான் என்றால் லினன் துணியோ மெல்லிய பச்சைத்தோலோ போதும். எடையும் குறைவு, வேலையும் குறைவு. இதை மறுப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரே மரத்தில், ஒரே நீளத்தில், ஒரே இழுப்பு விசைக்குச் செதுக்கிய இரண்டு விற்களில் ஒன்றுக்கு மட்டும் தசைநாண் ஒட்டுங்கள். ஒரே அம்பை, ஒரே அளவு இழுத்து, வேகமானியின் முன் எய்யுங்கள். இரண்டு எண்களையும் வெளியிடுங்கள்.