ஐந்து மணிச் செவ்வானம்

டிசம்பரில் அந்தமானின் சிடியா டாப்புவில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. கடிகாரம் சென்னையுடையதுதான், தீவுதான் வெகுதூரம் கிழக்கே தள்ளிக் கிடக்கிறது. வெப்பமண்டலச் சூரியன் சாய்ந்து சாய்ந்து போகாது, ஏறக்குறைய நேராக விழும். மிஞ்சும் அந்தி ஒளி சுமார் 20 நிமிடம். அதற்குள் ஓவியர்கள் நீர்வண்ணத்தில் வானத்தின் சிவப்பைப் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

நீர்வண்ணம் இதற்கென்றே பிறந்தது போலத் தோன்றும். எண்ணெய் ஓவியர் வெளிச்சத்தை வெள்ளைச் சாயத்தால் பூசுகிறார். இங்கே தாளின் வெண்மையே வெளிச்சம். நனைந்த தாளில் மஞ்சளும் சிவப்பும் தாமாகக் கலந்து ஆரஞ்சாகும்போது பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடுகிறது.

அந்தத் தண்ணீர்தான் வில்லனும். கடற்காற்றின் ஈரத்தில் தாள் காய மறுக்கும். மஞ்சள் உலர்வதற்குள் மேலே நீலத்தை வைத்தால் வானம் பச்சையாகிவிடும். அரை ஈரத்தில் தொட்டால் காலிஃபிளவர் போல விளிம்பு விரியும். 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபின் லண்டனில் தெரிந்த விசித்திர அந்திகளை ஓவியர் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் 500-க்கும் மேற்பட்ட படங்களாகப் பதிந்தார். அவர் கையில் இருந்தது தூரிகை அல்ல, பாஸ்டல் சுண்ணம். காய்வதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லையே!

நீர்வண்ணத்தில் அந்த வசதி இல்லை. எனவே பலர் மொபைலில் படமெடுத்துக்கொண்டு வீட்டில் வரைகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் மொபைல் ஏற்கெனவே சிவப்பைக் கூட்டியிருக்கும். ஓவியர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். முன்னால் கன்னங்கரேலென்று ஒரு தென்னை. விடுதிச் சுவர்களுக்கு ஏற்ற படம்தான், அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறும்வரை.

என் மனத்தாங்கல் அந்தக் கறுப்புத் தென்னையோடுதான். நிறம் தகதகப்பது சாயத்தின் அளவால் அல்ல, பக்கத்தில் இருக்கும் மங்கலால். அந்தமானில் அந்த மங்கலுக்குப் பஞ்சமில்லை. சிப்பிகாட்டில் 2004 நிலநடுக்கத்தால் நிலம் தாழ்ந்து வயல்களில் கடல் புகுந்தது. பட்ட மரங்கள் உப்புநீரில் ஆண்டுக்கணக்கில் நின்றன. அந்தியில் அவை கறுப்பல்ல, ஊதா கலந்த சாம்பல். அதற்குத் தனிச் சாயக் குழாய் வாங்க வேண்டாம். வானத்துக்குக் குழைத்த ஆரஞ்சில் மிச்சமிருப்பதோடு துளி நீலம் சேர்த்தால் போதும். பெரும்பாலானவர்கள் அந்த மிச்சத்தைத்தான் முதலில் கழுவி ஊற்றுகிறார்கள்.