துட்டும் தாழம்பூவும்

என்னுடைய சரித்திர நாவல் ஒன்றில் ராஜேந்திர சோழன் காலத்து வணிகர் ஒருவர், "துட்டு இல்லாதவனுக்குத் துணை ஏது?" என்று கேட்பார். மோனைக்காகவே எனக்குப் பிடித்திருந்த வசனம் அது.

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போயிருந்தபோது, நாவலைப் படித்திருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, "தம்பி, உங்க வணிகருக்கு டச்சுக்காரன் காசு எப்படிக் கிடைத்தது?" என்றார்.

துட்டு என்பது 'டாய்ட்' என்ற டச்சுச் செப்புக்காசின் பெயர். அவர்கள் நாகப்பட்டினத்தை வைத்திருந்தது 1658 முதல் 1781 வரை. ராஜேந்திரனோ 1044-லேயே மறைந்துவிட்டான்!

நான் விடவில்லை. "துட்டர் கையில் சேருவதால் துட்டு என்று ஏன் இருக்கக் கூடாது?" என்றேன்.

"ஓசை ஒத்தால் உறவாகிவிடுமா, தம்பி?" என்று சிரித்தார் அவர்.

நியாயமான கேள்வி. நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல், ஹல்லு, புலி, ஹுலி, பாம்பு, ஹாவு. ஓசை மாறுகிறது, ஆனால் ஒழுங்காக மாறுகிறது. ரத்த உறவுக்கு அதுதான் அடையாளம். நம் 'ஒன்று' ஆங்கில 'ஒன்'னைப் போல ஒலிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தின் பழைய வடிவம் 'ஆன்'. இது வெறும் தற்செயல். மூன்றாவது வகை, கடன். எஸ்தோனிய மொழியில் பள்ளிக்கூடத்துக்குக் 'கோல்' என்று பெயர், டச்சில் 'ஸ்ஹோல்'. இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். டச்சுக்கு நெருங்கிய உறவான வட ஜெர்மானியப் பேச்சிலிருந்து எஸ்தோனியருக்கு வந்த சொல் அது. யாழ்ப்பாணத்தார் அலுவலகத்தைச் சொல்லும் 'கந்தோர்', நாம் கூசாமல் சொல்லும் 'கக்கூஸ்' இரண்டும் டச்சுக் கடன்தான்.

கால்டுவெல்லே இங்கே சறுக்கியிருக்கிறார். 1856-ல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணம், திராவிட மொழிகளுக்குள் ஒழுங்கைக் காட்டிய வரையில் இன்றும் அசையாமல் நிற்கிறது. பின்லாந்து மொழி வரை சொந்தம் தேடிப்போன பகுதியைப் பிற்கால அறிஞர்கள் பொதுவாக ஏற்கவில்லை. எஸ்தோனியத்தில் தாய் 'எமா' என்று நாமும் பூரிக்கலாம். ஆனால் மழலை வாயில் மகரம் எந்த நாட்டிலும் எளிதாக வருகிற ஓசை.

அந்த ஊர்த் தலபுராணம் நினைவுக்கு வந்தது. அடி தேடிய திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். முடி தேடிய பிரமன் தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்தான். நான் அழைத்தது துட்டரை.

சோழர் கல்வெட்டுகளில் 'காசு' இருக்கிறது. அடுத்த பதிப்பில் என் வணிகர் அதையே சொல்லுவார். மோனை போய்விடும், போகட்டும்.