திண்ணை வந்தது, தெரு வரவில்லை

முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவைப் பலரும் பாராட்டுகிறார்கள், நானும்தான். செட்டிநாட்டு வீட்டைப் பிரித்து வந்து மறுபடி கட்டியதில் தூண், கதவு எல்லாம் பிழைத்தன. தெரு மட்டும் வரவில்லை. வழிப்போக்கர் உட்காராத திண்ணை வெறும் மேடைதானே?

ஸ்ரீபெரும்புதூர் கதை வேற. ராமானுஜர் பிறந்த ஊர், அதனால் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குக் கவனிப்பு உண்டு. சுற்றியுள்ள ஓட்டு வீடுகளுக்கு? 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடம் வரை ஆலைகள். திண்ணை இருந்த இடத்தில் தொழிலாளர்களுக்கு வாடகை அறை. வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது, வாடகைதான் வருமானம். ஆனா, இடிக்கும் முன் ஒரு அளவுப்படம், நாலு போட்டோ எடுத்து வைக்கலாமே? மாளிகை மட்டும்தான் மரபு என்கிற நினைப்புதான் நம்மைத் தடுக்கிறது.